மூணுல ஒண்ணு

மடியில இருக்கிறது பையனா? சரி, பரவாயில்ல தாயி. மனசத் தளர விட்றாத. அடுத்தது பொண்ணாப் பொறக்கும்.

எதுக்கு அப்படிப் பாக்குற? ஆறுதலுக்குத்தான சொல்றேன். நானும் பெத்தவதான். மூணு பெத்தேன், மூணும் பையன். உன் பேக்கக் கொஞ்சம் அங்கிட்டு நகத்து, கால நீட்டிக்கிறேன். முறிஞ்சு சேந்த காலு, ரொம்ப நேரம் மடக்கி வெச்சா விண்ணு விண்ணுன்னு தெறிக்கும். ஆங், அது போதும். இதே பஸ்ஸுல மதுர வரைக்கும் போறியா? நானும் அங்கதான். பேச்சுத்துணையாச்சு.

இப்ப நான் பரவாயில்லன்னு சொன்னேன்ல, இத முன்னாடியெல்லாம் பொண்ணு பெத்தவளுககிட்டத்தான் சொல்லுவோம். எங்கிட்ட யாரும் சொன்னதில்ல. என்னைய எப்படி வெச்சிருந்தாங்க தெரியுமா? மூணாவதும் பையன்னு தெரிஞ்சதும் எங்க வீட்டுக்காரரு மிட்டாய் வாங்கிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டாரு. ஏறுனவன் எறங்குனவன் அத்தன பேருக்கும் குடுத்துருக்காரு. டிரைவர் வாயில மிட்டாயோட வண்டிய எடுக்க லேட்டாயி, பின்னாடி வந்த பஸ்காரனோட சண்டையாயிப் போச்சு. ராசா மாதிரி இருக்கணும்னு மூணுக்கும் ராசா பேரு வெச்சாரு. சிங்கராசன், வீரராசன், விசயராசன். தெருவுல யாருக்கு வளைகாப்புன்னாலும் மொத வளையல் நான்தான் போடணும். சிவனம்மா கைராசி, பையன் பொறக்கும்னு கூட்டிட்டுப் போக வீட்டு வாசல்ல வந்து நிப்பாங்க.

எங்க கொழுந்தன் பொண்டாட்டி பேரு பஞ்சவர்ணம். பக்கத்து வீடுதான். ஒரே வீட்ட நடுவுல செவுரு வெச்சுப் பிரிச்சது. அவளுக்கு மூணும் பொண்ணு. நான் அவள ஒரு வார்த்த சொன்னதில்ல. வளைகாப்புக்குப் போனா நீ பின்னாடி உக்காந்துக்க, யாரும் எதுவும் சொல்லிறப் போறாங்கன்னு நானே எடம் பாத்து உக்கார வெப்பேன். அந்த அளவுக்குப் பாசம். மூணாவதும் பொண்ணுன்னு நர்சு வந்து சொன்னப்ப, எங்க மாமனாரு துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு வெளிய போனவரு, அப்படியே பஸ் ஏறி ஊருக்கு வந்துட்டாரு. யாரும் பேரு வெக்கல. கொழந்த பாட்டுக்குப் பேரில்லாமக் கெடந்துச்சு. நான்தான் மனசு கேக்காமச் சொன்னேன், போதும்பொண்ணுன்னு வைங்க, சாமிக்குப் புரியும்னு. எங்க பக்கம் அப்படி வெக்கிறதுதான். சாமிக்கும் புரிஞ்சுச்சு. அதுக்கப்பறம் பஞ்சவர்ணத்துக்குப் பொண்ணே பொறக்கல. பையனும் பொறக்கல. சாமி கொஞ்சம் அதிகமாப் புரிஞ்சுக்கிச்சு, அதுக்கு நான் என்ன செய்ய.

இப்படி மரியாதையா இருந்தவள, போன வருசம் நடந்த ஒரு வளைகாப்புல என்ன பண்ணாங்கன்னு கேளு. தெருக்கோடி வீட்டு சரசு மகளுக்கு ஏழாம் மாசம். நான் பட்டுச்சேல கட்டிக்கிட்டுப் போயி, வழக்கம்போல மொத ஆளா வளையல எடுத்துட்டு எந்திரிச்சேன். சரசு என் கையப் புடிச்சுக்கிட்டா.

"மதினி, ஒரு நிமிசம். மொதல்ல பஞ்சவர்ணம் மதினி போடட்டும்."

ஏன்டின்னேன்.

"ஒண்ணுமில்ல. மகளும் மருமகனும் பொண்ணு வேணும்னு ஆசப்படுறாங்க. உங்க கை பையன் கை."

பையன் கை. முப்பத்தஞ்சு வருசமா ராசிக் கையா இருந்தது ஒரு நிமிசத்துல பையன் கையாயிருச்சு. சரி, கடைசியாவாவது போடுறேன்னு நின்னேன். அந்தப் பொண்ணு முந்தானைக்குள்ள கைய இழுத்துக்கிட்டு, "எதுக்கு அத்தே ரிஸ்க்கு"ங்குது. பஞ்சவர்ணம் எந்திரிச்சு வந்தா. வந்தவ என்னைய ஒரு பார்வ பாத்தா. திமிருன்னுதான் நெனைக்கிறேன். கண்ணு கலங்குன மாதிரியும் இருந்துச்சு, ஆனா திமிருதான். எங்கைக்கு ஒரு கரண்டியக் குடுத்து எலுமிச்சஞ்சோறு போடச் சொல்லிட்டாங்க.

அந்தப் பொண்ணுக்கு என்ன பொறந்துச்சு தெரியுமா? பையன். நல்லா வேணும்னு நெனச்சேன். ஆனா தெருவுல என்ன பேச்சுங்குற? சிவனம்மா கரண்டி புடிச்ச சோத்தத் தின்னதுதான் காரணமாம்.

அதோட போச்சா? கடைசிப் பையன் விசயராசனுக்குப் பொண்ணு பாக்கத் தரகர வரச் சொன்னோம். பையனுக்கு முப்பத்தஞ்சு ஆவுது. சொந்த வீடு, கொஞ்சம் தென்னந்தோப்பு. அந்தக் காலத்துல நாங்க நீட்டிப் படுத்துக்கிட்டு, பொண்ணு வீட்டுக்காரங்கள நிக்க வெச்சுப் பேசிருப்போம். தரகரு நாக்காலியில சாஞ்சு உக்காந்துக்கிட்டு, "மாமியா இருக்காங்களா?"ன்னாரு. நான்தானய்யா மாமியா, எதுக்கத்தான நிக்கிறேன்னேன். "அதான் சிக்கலு"ன்னாரு. பொண்ணு இல்லியாம் ஊருல. எந்த ஊருக்குப் போனாலும் பையன் பையனா நிக்கிறாய்ங்களாம். நாங்க அத்தன பேரும் சேந்துதான கும்புட்டோம், பையனக் குடு பையனக் குடுன்னு. சாமி குடுத்துச்சு. அதுக்காகப் பொண்ணுகளையெல்லாம் எங்க கொண்டுபோயி வெச்சுச்சுன்னு தெரியலயே.

காலு எப்படி முறிஞ்சுச்சுன்னா கேக்குற? கோழியால. முட்டையெடுக்கக் குனிஞ்சேன், படபடன்னு மூஞ்சில வந்து அடிச்சுச்சு, மல்லாக்க விழுந்தேன். பெரியாஸ்பத்திரியில பொம்பளைங்க வார்டுல போட்டாங்க. அந்த வார்டுல ஒரு வழக்கம் தாயி. புதுசா ஒருத்தி வந்தா, மத்தவளுக என்ன நோவுன்னு கேக்க மாட்டாளுக. "பொண்ணு இருக்கா?"ன்னு கேப்பாளுக. இருக்குன்னா சரின்னு திரும்பிப் படுத்துக்குவாளுக. இல்லன்னா உச்சுக் கொட்டுவாளுக. மூணு பையன்னு நான் நெஞ்ச நிமித்திச் சொன்னேன். வார்டே உச்சுக் கொட்டுச்சு. பக்கத்துக் கட்டில்காரி ஒரு ஆரஞ்சுப் பழத்த எடுத்து எங்கையில வெச்சா. எனக்கு ஒண்ணும் புரியல. அந்த உச்சு பஞ்சவர்ணத்துக்கு உள்ளதுல்ல? அதத் தப்பா எனக்குக் கொட்டிட்டாளுக.

ராசாக்க மூணு பேரும் என்ன பண்ணாய்ங்கன்னா, பெரியவன் திருப்பூர்ல இருந்து போன் பண்ணான். எந்த எலும்பு, எந்தப் பக்கமா முறிஞ்சுருக்கு, படத்த அனுப்பச் சொல்லுன்னான். படத்தப் பாத்துட்டு, டாக்டர் சரியாத்தான் கட்டுப் போட்டுருக்காருன்னு சொல்லிட்டு வெச்சுட்டான். நடுவுலவன் மெட்ராஸ்ல கம்ப்யூட்டர் வேல. கூடை நெறையப் பழம் அனுப்புனான், அதுல ஒரு பலூனு கட்டிருந்துச்சு. அதுல பொறந்தநாள் வாழ்த்துன்னு போட்டுருந்துச்சாம். நர்சம்மா கேக்கு எங்கன்னு கேட்டா.

கடைசியவன் நேர்லயே வந்தான், குத்தஞ்சொல்லக் கூடாது. இட்லி வாங்கிட்டு வந்தான். "பேஷண்டுக்கு ஒடம்பு தொடைக்கணும், தல சீவணும், வீட்டாளு யாரு?"ன்னு நர்சம்மா கேட்டா. "இருங்க, பொம்பளையாள அனுப்புறேன்"னு சொல்லிட்டுப் போனான். எந்தப் பொம்பளைய அனுப்புவான்? டீக்கடையில நின்னு அவனும் அவங்கப்பாவும் யார அனுப்பலாம்னு ரொம்ப நேரம் பேசிருக்காய்ங்க. மருமகளுக ரெண்டு பேரும் வெளியூருல, எங்க வீட்டுல உள்ள ஒரே பொம்பள நான். நான் கட்டிலுல கெடக்கேன்.

அன்னிக்குச் சாயங்காலம் போதும்பொண்ணு வந்தா. பஞ்சவர்ணத்தோட கடைசி மக. போலீசுல ஏட்டு. டூட்டி முடிச்சு யூனிபாரத்தோடயே வந்துட்டா. வார்டு மொத்தமும் கால மடக்கிக்கிட்டு எந்திரிச்சு உக்காந்துருச்சு. அவ யாரையும் பாக்கல. தொப்பியக் கழட்டி மேச மேல வெச்சா. சட்டக் கையச் சுருட்டுனா. சுடுதண்ணி வாங்கியாந்து எனக்கு ஒடம்பெல்லாம் தொடச்சு, சேல மாத்தி, சிக்கெடுத்துத் தல சீவி, "பேனு இருக்கு பெரியம்மா"ன்னா. சத்தமாச் சொன்னா. அது ஒண்ணுதான் அவகிட்ட குற.

பக்கத்துக் கட்டில்காரி கேட்டா, "உங்க மகளா?"

ஆமான்னேன்.

"அப்பறம் பொண்ணு இல்லன்னீங்க?"

"போலீசுல இருக்கால்ல, வெளிய சொல்லக் கூடாது"ன்னேன்.

பொய்யின்னு நெனைக்காத. பெரியம்மான்னு கூப்புடுறா. அதுல 'பெரி'ங்குறத எடுத்துட்டா அம்மாதான? அவ டூட்டி முடிஞ்சு வர வர, வார்டுல என் மரியாதையே வேற. குடுத்துவெச்ச மகராசின்னாளுக. நர்சம்மா மொதல்ல எங்கட்டிலுக்கு வந்தா. ஒரு நாளு அவ வர நேரமாச்சு. நான் வாசலையே பாத்துக்கிட்டு இருந்தேன் தாயி. சாப்பாடு எறங்கல. எம் பையன்க பள்ளிக்கூடம் விட்டு வர நேரமானாக்கூட நான் அப்படி வாசலப் பாத்ததில்ல. பூட்ஸ் சத்தம் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்துச்சு.

வீட்டுக்கு வந்ததும் மொத வேலையா செவுத்தோரம் போயி பஞ்சவர்ணத்தக் கூப்புட்டேன். அவ அங்கிட்டு முருங்கக்கீர உருவிக்கிட்டு இருந்தா.

"பஞ்சவர்ணம், உங்கிட்ட மூணு இருக்குல்ல, ஒண்ணு குடேன்."

"எதக்கா, அண்டாவா?"

"மக."

அவ கீரைய உருவுறத நிறுத்தல. "காலுக்கு மாத்தர ஏதும் புதுசாக் குடுத்தாங்களாக்கா?"ன்னா.

"நான் தெளிவாத்தான் இருக்கேன். பெரியவளுக ரெண்டு பேரும் கட்டிக்குடுத்த எடத்துல இருக்காளுக, அவளுகள நான் கேக்கல. போதும்பொண்ணக் குடு. சும்மா வேணாம். பதிலுக்கு எம் பையன் ஒருத்தன எடுத்துக்க. வேணும்னா ரெண்டா எடுத்துக்க."

பஞ்சவர்ணம் எந்திரிச்சு செவுத்துக்கு மேல எட்டிப் பாத்தா. இங்கிட்டு விசயராசன் கட்டிலுல மல்லாக்கப் படுத்து, ஒரு கால செவுத்துல தூக்கி வெச்சு, நெஞ்சு மேல போன நிறுத்தி வெச்சுப் பாத்துக்கிட்டு இருந்தான். கொஞ்ச நேரம் பாத்தா.

"வேணாங்க்கா. எங்க வீட்டுல எடம் பத்தாது."

எனக்குக் கோவம் வந்துருச்சு. "அவளுக்குப் பேரு வெச்சதே நான்தான்டி. அந்த உரிம எனக்கு இல்லியா?"ன்னேன்.

அதுக்கு அவ என்னைய ரொம்ப நேரம் பாத்தா. பெறகு, "கறவ மாடாக்கா, கயித்த மாத்திக் கட்ட? அவளையே கேளுங்க"ன்னுட்டு கீரைய எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டா.

போதும்பொண்ணு பூட்ஸுக்குப் பாலிஷ் போட்டுக்கிட்டு இருந்தா. விசயத்தச் சொன்னேன். அவ சிரிக்கல, கோவிக்கல. போலீசுக்காரி பாரு, முழுசாக் கேட்டுக்கிட்டா.

"எம்புட்டு நாளைக்குப் பெரியம்மா?"

"ஆயுசுக்கும்."

"மொதல்ல ஒரு மாசம் பாப்போம். கட்டு பிரிக்கிற வரைக்கும். அதுக்கப்பறம் யோசிப்போம்."

ஒரு இரும்புப் பொட்டிய எடுத்துக்கிட்டு செவுரச் சுத்தி இங்கிட்டு வந்தா. அம்புட்டுதான் தூரம். அதுக்கு பஞ்சவர்ணம் வாசல்ல நின்னு, மக புகுந்த வீடு போறாப்புல அழுகுறா. நானும் முறைய விட்டுறக் கூடாதுன்னு ஆரத்தி கரச்சு, குச்சிய ஊனி நொண்டிக்கிட்டே வந்து சுத்துனேன். தெருவுல கூட்டங்கூடிப் போச்சு. மாப்பிள்ள யாருன்னு கேக்குறாங்க. எங்க வீட்டுக்காரரு, "மாப்பிள்ள இல்ல, எங்களுக்குப் பொண்ணு பொறந்துருக்கு"ங்குறாரு. அந்த மனுசன் மிட்டாய் வாங்கக் கெளம்பிட்டாரு, நான்தான் புடிச்சு உக்கார வெச்சேன்.

மகளுன்னா எப்படி இருக்கும்னு எனக்கு ஒரு நெனப்பு இருந்துச்சு. கால அமுக்கி விடும், தல சீவி விடும், சேந்து உக்காந்து சீரியல் பாக்கும், அழுகுற எடத்துல கூட அழுகும்னு. இவ விடிய முன்னாடி என்னைய எழுப்பித் தெருவுல நடக்க விடுவா. கோலம் போடுறவளுகெல்லாம் எந்திரிச்சு ஓரமா நிப்பாளுக, பின்னாடி போலீசு வருதுல்ல. எனக்குச் சக்கர வியாதி. சக்கர டப்பாவ எடுத்து பீரோவுல வெச்சுப் பூட்டிட்டா. சாவி பெல்ட்டுல.

ஒரு நாளு விசயராசன் தின்னுட்டு எந்திரிச்சுப் போனான். இவ கூப்புட்டா.

"அண்ணே, இது என்ன?"

அவன் பாத்தான். "தட்டு."

"யாரு தின்னது?"

"நான்."

"சரி. இப்ப சொல்லுங்க, யாரு கழுவணும்?"

அவன் என்னையப் பாத்தான். நான் அவங்கப்பாவப் பாத்தேன். அவரு பேப்பருக்குள்ள போயிட்டாரு. அவன் தட்ட எடுத்துட்டுக் கொல்லைக்குப் போயி, கொழாய எந்தப் பக்கம் திருகணும்னு தெரியாம மேலெல்லாம் நனச்சுக்கிட்டு கழுவுனான். எம் மகன் தட்டு கழுவுறதப் பாத்து எனக்குக் கண்ணுல தண்ணி வந்துருச்சு. கட்டு பிரிக்கிறதுக்குள்ள அவனுக்கு தோச சுடத் தெரிஞ்சு போச்சு. இப்ப அந்தத் தரகரு, மாப்பிள்ளைக்குச் சமையல் தெரியும்னு சொல்லித்தான் ரெண்டு எடம் கொண்டு வந்துருக்காரு. என்ன காலம் பாரு.

இதுக்குள்ள யாரோ மூத்தவனுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டாங்க, உங்கம்மா ஒரு பொண்ணத் தத்தெடுத்துட்டான்னு. ஒரு ஞாயித்துக்கெழம, பெரியவனும் நடுவுலவனும் ஒரே கார்ல வந்து எறங்குறாய்ங்க. காலு முறிஞ்சதுக்கு வராதவய்ங்க. பெரியவன் செருப்பக் கூடக் கழட்டல.

"அம்மா, வீட்ட எழுதிக் குடுத்துட்டியா?"

"எழுதல. மகளா வெச்சிருக்கேன்."

"அப்ப நாங்க யாரு?"

"நீங்க பையன்க."

நடுவுலவன், "பொண்ணு வேணும்னா எங்கிட்ட சொல்லிருக்கலாம்லம்மா, ஏஜென்சியில சொன்னா ஆளு அனுப்புவாங்களே"ங்குறான். பெரியவன், "சட்டப்படி இது செல்லாது"ங்குறான். எங்க வீட்டுக்காரரு, "எனக்கு ஒண்ணும் தெரியாதுப்பா, அவளக் கேளு"ங்குறாரு. அந்தச் சமயம் பாத்து போதும்பொண்ணு டூட்டி முடிஞ்சு வந்தா. லத்திய மூலையில சாத்தி வெச்சா. மூணு ராசாவும் எந்திரிச்சு நின்னுட்டாய்ங்க.

"உக்காருங்கண்ணே. நானே பேசணும்னு இருந்தேன். பெரியம்மாவுக்கு இப்ப நாலு புள்ளைக. ஆளுக்கு மூணு மாசம் வெச்சுப் பாத்துக்குவோம். மொதல்ல பெரியண்ணன். இன்னைக்கே கார்ல கூட்டிட்டுப் போங்க. மாத்தர எல்லாம் எடுத்து வெச்சிருக்கேன். காலையில நடக்க விடணும், ராத்திரி ரெண்டு தடவ கக்கூஸுக்குக் கைத்தாங்கலாக் கூட்டிட்டுப் போகணும்."

 அப்பறம் பெரியவன் மெதுவாச் சொன்னான், "பொண்ணு இருக்கையில பையன் வீட்டுல இருக்குறது அம்மாவுக்கே சங்கடம்." நடுவுலவன், "ஆமா, மக மாதிரி வருமா"ன்னான். கடைசியவன் தோசக் கரண்டியோட நின்னுக்கிட்டு, "மக மகதான்"ங்குறான். அவ அவய்ங்களுக்குச் சொந்தத் தங்கச்சின்னு அங்கனயே முடிவாயிப் போச்சு. பெரியவன் கடவீதிக்குப் போயி தங்கச்சி சீருன்னு ஒரு சேல எடுத்தாந்து குடுத்து, கண்ணு கலங்கி, சாப்புடாமக் கூட நடுவுலவனையும் ஏத்திக்கிட்டு கார எடுத்துட்டுப் போயிட்டான். எனக்கு ரொம்பப் பெருமையா இருந்துச்சு. பாரு, கேட்டதும் தங்கச்சியா ஏத்துக்கிட்டாய்ங்க. யாருக்கு வரும் அந்த மனசு.

ஆனா அவ அந்தச் சேலையக் கையில வெச்சுக்கிட்டு ஒரு மாதிரி நின்னா. அப்பறம் மடிச்சு எங்கட்டிலு மேல வெச்சுட்டா.

அன்னிக்கு நான் சொன்னேன், "எல்லாந்தான் முடிஞ்சு போச்சே, இனி அம்மான்னு கூப்புடு."

"அது வராது பெரியம்மா."

"ஏன் வராது? ஆஸ்பத்திரியில எம்புட்டுப் பாசமாப் பாத்த."

அவ பூட்ஸ் கயிற அவுத்துக்கிட்டே சொன்னா, "நான் வரமாட்டேன்னுதான் சொன்னேன் பெரியம்மா. எங்கம்மாதான், அக்கா தனியாக் கெடக்கும், பொம்பளப் புள்ள இல்ல, போடின்னு தெனமும் வெரட்டுச்சு. சோறு வெக்க மாட்டேன்னுச்சு."

இதக் கேட்டுட்டு நான் திரும்பிப் படுத்துட்டேன். அப்பறமா யோசிச்சுப் பாத்தேன். பஞ்சவர்ணத்துக்கு எம்புட்டு ராங்கி இருந்தா, மகள அனுப்பி என்னைய ஆஸ்பத்திரியில எல்லாரும் பாக்குற மாதிரிக் குளிப்பாட்ட வெச்சிருப்பா. அப்படித்தான தாயி? நீ ஏன் வெளிய பாக்குற?

கட்டு பிரிச்சாச்சு. ஒரு மாசம் ஆச்சு, ரெண்டாச்சு. பஞ்சவர்ணத்துக்கு அங்கிட்டுக் காய்ச்சல் வந்துச்சு. இவ அங்க போனா நான் கூப்புடுவேன், இங்க வந்தா அவ இருமுவா. சும்மா இருமுறது. எனக்குத் தெரியாதா? நானும் இருமுனேன். செவுத்துக்கு ரெண்டு பக்கமும் இருமல். அந்தப் புள்ள டூட்டியில இருந்து வந்து, வீட்டுக்குள்ள போகாம, செவுரு முடியிற எடத்துல நடுவாந்தரமா நாக்காலி போட்டு உக்காந்து சோறு திங்கும். பஞ்சவர்ணத்துக்கும் எனக்கும் பேச்சு நின்னு போச்சு. அவளாத்தான் நிறுத்துனா. நானும் நிறுத்துனேன்.

போன மாசம் போதும்பொண்ணு மதுரைக்கு மாத்தலாயிப் போயிட்டா. அரசாங்கம் மாத்திருச்சுன்னு நான் அழுதுக்கிட்டு இருந்தேன். விசயராசன்தான் விசாரிச்சுட்டு வந்து சொன்னான், அவளே எழுதிக் கேட்டு வாங்கிட்டுப் போயிருக்கா. ஞாயித்துக்கெழம போன் பண்றா. மாத்தர சாப்டியான்னு கேக்குறா. அடுத்த மாசம் லீவு கெடச்சா வாரேங்குறா. பையன் மாதிரியே பண்ணிட்டா தாயி. எம் பையன்களாவது தானா வந்தாய்ங்க, தானாப் போனாய்ங்க, இவள நான் ஆரத்தி எடுத்துல்ல கூட்டியாந்தேன்.

அதான் கூட்டிட்டு வரப் போறேன். பணியாரம் சுட்டு எடுத்துக்கிட்டேன், அவளுக்குப் புடிக்கும். அந்தா, முன்னாடி அந்த மீசக்காரரு பக்கத்துல ஒரு பொம்பள இருக்கா பாரு, பச்சச் சேல. அவதான் பஞ்சவர்ணம். அவளும் மகளக் கூட்டிட்டு வரத்தான் போறா. நான் கெளம்புறது தெரிஞ்சு கெளம்பிருக்கா. அவ மடியில இருக்கிற வாளியிலயும் பணியாரந்தான். வாசன வந்துச்சு. எங்கிட்ட ஒரு வார்த்த பேசல. நான் ஏறும்போது எம் பைய வாங்கி மேல வெச்சா, அதோட சரி.

உசிலம்பட்டி வந்துருச்சா? பத்து நிமிசம் நிக்கும். நீ எறங்கலியா? நானும் எறங்கல, இந்தப் படி எனக்கு ஒயரம்.

பாரு, பஞ்சவர்ணம் எறங்குறா. போகட்டும். எங்க போறா? டீக்கடைக்கா? எனக்கும் தொண்ட காஞ்சுதான் கெடக்கு. நான் யாருகிட்டயும் கேக்க மாட்டேன். அந்த மீசக்காரரும் எறங்குறாரு, பொட்டியோட. இந்த ஊரு போல.

வாரா. எங்கிட்டதான் வாரா போல. நீ அந்தப் பக்கம் பாரு, நாம அவளப் பத்திப் பேசுனது தெரிய வேணாம்.

டீய இங்கிட்டு நீட்டு. ஜன்னல் வழியா நீட்டுனா கொட்டாதா? ம்.

போயிட்டாளா? ஒரு வார்த்த பேசல பாத்தியா. டீய நீட்டுனா, போயிட்டா. நான் குடிச்சுப் பாத்தேன் தாயி, சக்கர போடல. ஒரு துளி இல்ல. ஊரெல்லாம் சக்கரயோட குடிக்கும், எனக்கு மட்டும் சப்புன்னு ஒண்ண வாங்கியாந்து குடுக்குறா. இன்னும் பக தீரல அவளுக்கு.

ஆனா சூடு சரியா இருக்கு. ஆத்திருக்கா. எனக்கு வாயி பொறுக்காது, அது அவளுக்குத் தெரியும்.

அந்தா, ஏறி வந்து தனியா உக்காந்துருக்கா. பக்கத்துச் சீட்டும் காலியாயிருச்சு. அவளுக்கு வாக்கப்பட்டு வந்ததுல இருந்தே பஸ்ஸுல தூங்கி விழுற பழக்கம், வாளி கவுந்துச்சுன்னா பணியாரமெல்லாம் கீழ உருண்டுரும். அம்புட்டையும் அந்தப் புள்ளைக்குன்னு சுட்டுருக்கா. கொஞ்சம் கையக் குடு தாயி, எந்திரிச்சுக்கிறேன். வண்டி எடுக்கறதுக்குள்ள போயிறணும். நீயும் புள்ளைய நல்லா நீட்டிப் படுக்க வெச்சுக்க. நான் அவகிட்ட பேசப் போறேன்னு நெனைக்காத. வாளியப் புடிச்சுக்கத்தான் போறேன்.